கதவருகே நிற்கும் காவலர்: காந்திநகர்ப் பயிற்சி நாட்குறிப்பு

ஞாயிறு, 9 பிப்ரவரி 2025

தென் மாவட்டம் ஒன்றின் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நான் உதவி ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். சம்பவ இடத்தில் கிடைக்கும் செல்போன், லேப்டாப், கேமரா முதலியவற்றை எவ்வாறு கைப்பற்றுவது, எவ்வாறு கெடாமல் நீதிமன்றம்வரை கொண்டுசேர்ப்பது என்பதைக் கற்றுத்தரும் பயிற்சிக்காகக் காந்திநகரிலுள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குச் செல்லுமாறு எனக்கு ஆணை வந்தது. 2009இல் குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய நிறுவனமான இடம் அது. ஆய்வகங்களும் விலையுயர்ந்த மென்பொருள்களும்தான் பாடமாக இருக்கும் என்ற எண்ணத்தோடு சென்னையில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

அகமதாபாத் நிலையத்திலிருந்து காந்திநகருக்கு ஆட்டோக்காரர் ஐந்நூறு ரூபாய் கேட்டு, நானூற்றைம்பதுக்கு இசைந்தார். செக்டர் செக்டராகத் திட்டமிட்டுக் கட்டிய அந்த நகரில் எல்லாச் சாலையும் ஒரே அகலம், எல்லாத் திருப்பமும் ஒரே வட்டம், இருபுறமும் ஒரே வகை மரங்கள். எண்ணைத் தவறாகக் காதில் வாங்கிய ஓட்டுநர் என்னை வேறொரு செக்டரில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இரவு எட்டரை மணி, குளிர் ஏறிக்கொண்டிருந்தது. பால் கடையை அடைக்கத் தொடங்கியிருந்த பெரியவர் ஒருவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பென் (சகோதரி), எங்கே போக வேண்டும்?" என்று இந்தியில் கேட்டார். விடுதிக்கு அவரே தொலைபேசியில் பேசி வழி கேட்டுக்கொண்டார். ஒரு குவளை மோரைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, மகனை ஸ்கூட்டரில் முன்னால் அனுப்பி, எனக்கு வேறு ஆட்டோவும் பிடித்துத் தந்தார். மோருக்கு அவர் பணம் வாங்கவில்லை.

திங்கள், 10 பிப்ரவரி

காலையில் குழாய்த் தண்ணீர் கையைக் கடித்தது. நண்பகலில் வெயில் நம் ஊர் வெயிலாகவே இருந்தது. ஒரே நாளில் சால்வையும் வேண்டும், தொப்பியும் வேண்டும் என்ற பருவம் இது. விடுதிச் சிற்றுண்டி வெந்தயக் கீரை சேர்த்த தேப்லா ரொட்டி, தொட்டுக்கொள்ள இனிப்பு மாங்காய் ஊறுகாய், இஞ்சியும் புதினாவும் தட்டிப் போட்ட தேநீர். அந்தத் தேநீருக்காகவே ஐந்து நிமிடம் முன்னதாக எழலாம்.

வகுப்பில் ஒரு கணினிகூட இல்லை. ஓய்வுபெற்ற காவல் அதிகாரியான பயிற்றுநர், நாங்கள் ஒவ்வொருவரும் கடைசியாகக் கையாண்ட வழக்கில் சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் யார் என்று வரிசையாகக் கேட்டார். ரோந்துக் காவலர், ஊர்க்காவல் படை வீரர், பக்கத்து நிலையத் தலைமைக் காவலர் என்று பதில்கள் வந்தன. தடய அறிவியல் நிபுணர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "அந்தக் காவலருக்கு இந்தப் பாடத்தை யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?" என்று அவர் அடுத்துக் கேட்டபோது அறையில் பதில் இல்லை. ஏழாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு கூறுகிறது, அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. ஆனால் நிபுணரின் வண்டி வந்து நிற்பதற்குள் அந்த அறையில் யாராவது லேப்டாப்பை மூடியிருப்பார்கள், யாராவது செல்போன் திரையைத் தட்டியிருப்பார்கள். சாட்சியம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் கெடுகிறது என்பதே அன்றைய பாடம். எனக்கு இந்தப் பயணம் முழுவதற்கும் அதுவே பாடமாயிற்று.

அணைந்திருக்கும் சாதனத்தை இயக்கக் கூடாது, இயங்கிக்கொண்டிருக்கும் சாதனத்தை யோசிக்காமல் அணைக்கக் கூடாது என்பது முதல் விதி. அதன் முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். கணினியை இயக்கிய மறுகணமே நூற்றுக்கணக்கான கோப்புகளின் நேரக் குறிப்புகள் மாறிவிடும், குற்றவாளி கடைசியாக அதைத் தொட்ட நேரத்தின் மீது காவலர் தொட்ட நேரம் ஏறி உட்கார்ந்துவிடும். இரண்டாம் பாதிதான் காலத்தோடு மாறியது. மின் இணைப்பை உருவிவிடு என்று ஒரு தலைமுறைக் காவலர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு லேப்டாப்பின் வட்டு முழுவதும் பிட்லாக்கர் போன்ற குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருக்கலாம். இயங்கும்போது அந்தப் பூட்டின் சாவி ரேம் நினைவகத்தில் இருக்கிறது, மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். திரை திறந்திருக்கும் லேப்டாப்பின் மூடியைச் சாத்துவது, சில வழக்குகளில் வழக்கையே சாத்துவதாகும்.

நண்பகலில் நூற்றெண்பது ரூபாய்க்கு 'தாலி' எனப்படும் தட்டுச் சாப்பாடு. பருப்பில் வெல்லம், 'கடி' என்னும் மோர்க்குழம்பில் வெல்லம், கத்தரிக்காய்க் கறியிலும் ஒரு துளி வெல்லம். என் பக்கத்தில் அமர்ந்த பாலக்காட்டுத் தலைமைக் காவலர் நல்ல தமிழ் பேசுபவர். நான் எடுத்துச் சென்றிருந்த பருப்புப்பொடியைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை மறக்க முடியாது.

செவ்வாய், 11 பிப்ரவரி

இன்று மாதிரிச் சம்பவ இடம். ஒரு படுக்கையறையை அப்படியே அமைத்திருந்தார்கள். மேசையில் இயங்கும் லேப்டாப், கட்டில்மீது சார்ஜரில் மாட்டிய செல்போன், சுவரில் ரூட்டர், அலமாரிமேல் கேமராப் பதிவுப் பெட்டி, பழைய டைரி, உடைகள், மருந்துச் சீட்டுகள். நான்கு பேர் கொண்ட எங்கள் குழுவில் அசாமிலிருந்து வந்த பெண் ஆய்வாளர், ராஜஸ்தான் உதவி ஆய்வாளர், பாலக்காட்டுக்காரர், நான். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு இப்போது கட்டாயமாக்கியிருப்பதால், ஒருவர் பதிவு மட்டுமே செய்தார், வேறெதையும் தொடவில்லை.

உள்ளே போனதும் எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் கதவருகே நிற்க வேண்டும் என்றார் பயிற்றுநர். அந்த இரண்டு நிமிடம் மிக நீளமானது. கைகள் தாமாகவே மேசையை நோக்கிப் போகின்றன. பிறகு அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் படம், ஒவ்வொரு சாதனமும் இருக்கும் நிலையில் படம், திரையில் தெரிவதன் படம், திரையின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒரே சட்டத்தில் விழும்படி ஒரு படம். கம்பிகளைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கம்பிக்கும் அது செருகப்பட்டிருந்த துளைக்கும் ஒரே எண் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். மேசைக் கணினியை அணைக்கத்தான் வேண்டும் என்றானால், கம்பியைச் சுவரிலிருந்து அல்ல, கணினியின் பின்புறத்திலிருந்து உருவ வேண்டும். இடையில் யுபிஎஸ் இருந்தால் சுவரில் உருவுவதால் பயனில்லை.

நாங்கள் தவறவிட்டவை குழுவாக அமர்ந்தபோது தெரியவந்தன. விசைப்பலகையின் அடியில் கடவுச்சொல் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது, அதை அசாம் ஆய்வாளர் கண்டுபிடித்திருந்தார். சாவிக்கொத்தில் சாவியைப் போலவே தொங்கிய பென் டிரைவை யாரும் காணவில்லை. சிறு பொருள் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்குப் பயிற்றுநர் அமெரிக்காவின் விச்சிட்டா நகர வழக்கைச் சொன்னார். 1974 முதல் பத்துப் பேரைக் கொன்று முப்பதாண்டுகள் பிடிபடாமல் இருந்தவன், 2005இல் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கு ஒரு ஃபிளாப்பி வட்டை அனுப்பினான். அதில் அழிக்கப்பட்டிருந்த ஒரு கோப்பின் உள்விவரங்களில் ஒரு தேவாலயத்தின் பெயரும் 'டெனிஸ்' என்ற பெயரும் எஞ்சியிருந்தன. அந்தத் தேவாலயத்தின் நிர்வாகிகளில் அந்தப் பெயருடையவன் ஒருவன் இருந்தான்.

எடுத்த பொருள்களைப் பதியும் கைப்பற்றல் மகஜர் எழுதுவதற்கே பிற்பகல் முழுவதும் ஆயிற்று. 'கறுப்பு நிறச் செல்போன் ஒன்று' என்று எழுதிய காலம் முடிந்தது. தயாரிப்பு, மாதிரி, பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், சிம் எத்தனை, திரை உடைந்திருந்ததா, இயங்கியதா, பூட்டியிருந்ததா, பேட்டரி எவ்வளவு, யார் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எந்த உறையில் இட்டார்கள், முத்திரை யாருடையது, அங்கிருந்து யார் கைக்கு எப்போது, எதற்காகப் போனது என்று ஒரு கண்ணியும் விடுபடாமல் எழுத வேண்டும். வட்டுகளைச் சாதாரணப் பிளாஸ்டிக் பையில் போட்டால் நிலைமின்சாரம் கெடுத்துவிடும், அதற்கென்று தனிப் பை இருக்கிறது. அந்தப் பை இல்லாத நிலையங்களில் காகித உறை போதும் என்று அவர் சேர்த்துச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் நம் நிலையங்களில் காகித உறைக்குப் பஞ்சமில்லை.

மாலை சாலையோரத்தில் கடலைமாவுப் பலகாரமான காட்டியா நாற்பது ரூபாய்க்கு. பப்பாளித் துருவலும் வறுத்த பச்சை மிளகாயும் கேட்காமலே வைக்கிறார்கள், தீரத் தீர மறுபடியும் வைக்கிறார்கள்.

புதன், 12 பிப்ரவரி

இன்று சட்டமும் ஹாஷ் மதிப்பும், அதாவது ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடும். பயிற்றுநர் ஒரு பக்கப் புகார் மனுவைக் கணினியில் தட்டச்சிட்டு எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அதன் ஹாஷ் மதிப்பைத் திரையில் காட்டினார், அறுபத்து நான்கு எழுத்துகள் கொண்ட நீண்ட வரிசை. பிறகு மனுவின் கடைசியிலிருந்த முற்றுப்புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டார். வரிசை அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. கைப்பற்றிய நாளில் குறித்த மதிப்பும் நீதிமன்றத்தில் கணக்கிடும் மதிப்பும் ஒன்றாக இருந்தால், இடையில் எவரும் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை என்று காட்டலாம். இது காவல் துறைக்கு மட்டும் பயன்படும் கருவி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம், குற்றம் சாட்டப்பட்டவருக்கே இது பெரிய பாதுகாப்பு என்று அவர் அழுத்திச் சொன்னார். கைப்பற்றிய சாதனத்தில் பின்னால் ஒரு கோப்பை நுழைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தால், நேர்மையான காவலரைக் காப்பதும் நேர்மையற்றவரைக் காட்டிக்கொடுப்பதும் அந்த ஒரு வரிதான்.

வகுப்பில் அதிகம் பேசப்பட்டது சான்றிதழைப் பற்றி. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கச் சான்றிதழ் கேட்ட, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைக் காவல் துறையில் அறியாதவர் இல்லை. பாலக்காட்டுக்காரர் எழுந்து தம் மாநிலத்து வழக்கைச் சொன்னார். 2011 சட்டமன்றத் தேர்தலில் ஏறநாடு தொகுதியில் தோற்றவர், எதிர்த்தரப்பின் பாடல்களையும் பேச்சுகளையும் குறுந்தகடுகளில் ஆதாரமாகக் கொடுத்தார், சான்றிதழ் கொடுக்கவில்லை. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தகடுகளை ஏற்க மறுத்தது. 2018இல் இந்தக் கண்டிப்பு சற்றுத் தளர்ந்து, 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு ஒரு படி மேலே போகிறது. சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள், ஒன்றைச் சாட்சியத்தைத் தருபவர் நிரப்ப வேண்டும், மற்றொன்றை நிபுணர் நிரப்ப வேண்டும், இரண்டிலும் ஹாஷ் மதிப்பும் எந்த முறையில் கணக்கிட்டது என்பதும் இருக்க வேண்டும். படிவத்தில் எம்.டி.5, எஸ்.எச்.ஏ.-1 ஆகிய முறைகளும் இருந்தாலும், ஒரே மதிப்பு தரும் இரு வேறு கோப்புகளை அவற்றில் உருவாக்கிக் காட்டிவிட்டார்கள் என்பதால் எஸ்.எச்.ஏ.-256ஐயே எழுதுங்கள் என்றார் பயிற்றுநர்.

தேநீர் இடைவேளையில் ராஜஸ்தான்காரர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு கிராமத்துக் கடைக்காரர் கேமராப் பதிவைத் தருகிறார், அவருக்கு இந்தப் படிவத்தை யார் விளக்குவது? இதற்கும் முதலில் போகும் காவலரிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் படிவத்தில் கையெழுத்திடும்போது, பதிவுப் பெட்டி தம் கட்டுப்பாட்டில் முறையாக இயங்கியது என்று உறுதி கூறுகிறார் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லத் தெரிந்தவர் அங்கே வேண்டும்.

பிற்பகலில் தமிழ்நாட்டின் பெயரும் வந்தது. மணமுறிவு பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசச் செய்திகளைப் பரப்பியவருக்கு 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனையாகக் கூறப்படுவது அது, முதல் தகவல் அறிக்கையிலிருந்து ஏழெட்டு மாதங்களில் முடிந்த வழக்கு. அதில் நிபுணர்களோடு சைபர் கஃபே உரிமையாளர்களும் சாட்சி சொன்னார்கள் என்பதைப் பயிற்றுநர் திரும்பவும் குறிப்பிட்டார். கணினி சொல்வதை அந்தக் கணினியின் முன் அமர்ந்த மனிதரோடு இணைப்பதற்கு இன்னொரு மனிதர் வேண்டியிருக்கிறது. இருபதாண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் அதைச் செய்து காட்டினார்கள் என்பதில் எனக்குப் பெருமை.

வியாழன், 13 பிப்ரவரி

கேமராப் பதிவுப் பெட்டிகளுக்கான நாள். நம் வழக்குகளில் பாதிக்கு மேல் இதில்தான் நிற்கின்றன என்றாலும் மிகக் கவனக்குறைவாகக் கையாளப்படுவதும் இதுதான். வட்டு நிரம்பியதும் பெட்டி பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். வட்டின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்துச் சில நாள்களிலோ சில வாரங்களிலோ முதல் பதிவு மறைந்துவிடும். திரையில் ஓடும் காட்சியைச் செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தேடுதலுக்கு உதவலாம், சாட்சியமாக நிற்காது. பெட்டியிலிருந்து அதன் சொந்த வடிவத்தில், அதைக் காட்டும் மென்பொருளோடு சேர்த்துப் படியெடுக்க வேண்டும்.

மாலையில் அடாலஜ் படிக்கிணற்றுக்குப் போனோம். 1499இல் முடிந்த ஐந்தடுக்குக் கிணறு. வெளியே வெயில் சுட்டாலும் படியிறங்க இறங்கக் காற்று குளிர்ந்துகொண்டே போனது. ஆனால் எங்கள் நால்வரையும் அன்று அதிக நேரம் பிடித்துவைத்தது வெளியிலிருந்த தேநீர்க் கடை. கல்லாவுக்கு மேல் கேமராத் திரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூலையிலிருந்த நேரம் எங்கள் கைக்கடிகாரத்தைவிட முப்பத்தெட்டு நிமிடம் முன்னே போயிருந்தது. பாலக்காட்டுக்காரர் அதைச் சுட்டிக்காட்டியபோது கடைக்காரர் கோபப்படவில்லை. நாங்கள் யார் என்று தெரிந்ததும் பெட்டியையே திறந்து காட்டி, மின்சாரம் போய் வந்த பிறகு யாரும் சரிசெய்வதில்லை என்றார். அந்தக் கடையின் முன் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்து, வித்தியாசத்தைக் குறிக்காமல் பதிவைக் கொண்டுபோனால், குற்றவாளி அந்நேரத்தில் வேறோர் ஊரில் இருந்ததாகச் செல்போன் கோபுர விவரம் சொல்லும், வழக்கு அங்கேயே உடையும். கடைக்காரர் முன்னிலையிலேயே நேரத்தைச் சரிசெய்து கொடுத்தோம். அப்படிச் செய்வது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லாத இடத்தில் மட்டுமே சரி என்று அசாம் ஆய்வாளர் நினைவூட்டினார். வழக்குள்ள இடத்தில் தவறான நேரமும் சாட்சியத்தின் பகுதியே, அதைக் குறிக்கலாம், திருத்தக் கூடாது. தேநீர் பத்து ரூபாய். நான்கில் ஒன்றுக்கு அவர் பணம் வாங்க மறுத்தார்.

இரவு விடுதியில் உந்தியு. பூமிக்கடியில் விளைந்த கிழங்குகள், அவரை, கத்தரி, மேத்திக் கொழுக்கட்டை எல்லாம் எண்ணெயில் குழைந்த குளிர்காலத்து உணவு. இரண்டு கரண்டிக்குமேல் என்னால் முடியவில்லை.

வெள்ளி, 14 பிப்ரவரி

செல்போன்களுக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு முழு நாள் தந்திருக்கலாம் என்பது என் கருத்து, ஏனெனில் முதலில் போகும் காவலர் கையில் அதிகம் சிக்குவது அதுதான். திறந்த நிலையில் கிடைத்த செல்போனைப் பூட்டிக்கொள்ள விடக் கூடாது. ஏர்பிளேன் மோடில் இட்ட பிறகும் வைஃபையும் புளூடூத்தும் தனியே இயங்கலாம் என்பதால் அவற்றையும் பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து அழிக்கும் கட்டளை வராதிருக்க, அலைவரிசையைத் தடுக்கும் ஃபாரடே பையில் இட வேண்டும். பைக்குள் போன செல்போன் சிக்னலைத் தேடித்தேடிப் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது. அணைந்து மீண்டும் இயங்கினால், ஒரு முறையாவது கடவுச்சொல் இடும்வரை உள்ளிருக்கும் தகவல் இறுகப் பூட்டிக்கொள்ளும், ஆகவே உள்ளேயே ஒரு பவர் பேங்கையும் சேர்த்து வைக்க வேண்டும். ஐஓஎஸ் 18.1 முதல், மூன்று நாள் திறக்கப்படாத ஐபோன் தானே மறுபடி தொடங்கிக்கொள்கிறது. கைப்பற்றிய பொருளைத் திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று வெள்ளிக்கிழமை அலமாரியில் வைத்துப் பூட்டும் வழக்கத்துக்கு இனி இடமில்லை.

பிற்பகலில் மாதிரி நீதிமன்றம். எதிர்த்தரப்பு வழக்கறிஞராக வந்தவர், காலையில் எடுத்த செல்போனின் ஹாஷும் மாலையில் எடுத்ததும் வேறுபடுகின்றனவே, இடையில் என்ன செய்தீர்கள் என்று ராஜஸ்தான்காரரைக் கேட்டார். இயங்கும் செல்போன் தன்னுள் ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பதால் அதன் மதிப்பு மாறவே செய்யும், மாறாமல் நிற்க வேண்டியது பிரித்தெடுத்த கோப்பின் மதிப்பு என்று அவர் நிதானமாகச் சொன்ன விடை வகுப்பின் பாராட்டைப் பெற்றது. அவர் கையிலிருந்தது செவ்வாயன்று எங்கள் குழு எழுதிய மகஜர். ஒவ்வொரு கேள்விக்கும் அதைப் புரட்டியே பதில் சொன்னார்.

சனி, 15 பிப்ரவரி (ரயிலில்)

பூசாவலில் வாழைப்பழம் டஜன் ஐம்பது ரூபாய். எதிர் இருக்கை சூரத் குடும்பத்தார் டப்பா டப்பாவாகத் திறந்து, கேட்காமலே என் மடியில் மொறுமொறு ரொட்டியான காக்ராவையும் சட்னிப் பொடியையும் வைத்தார்கள். பதிலுக்கு நான் கொடுத்த மீதிப் பருப்புப்பொடியை அந்த வீட்டுப் பாட்டி நெய்யோடு பிசைந்து சாப்பிட்டார்.

பல்லார்ஷா தாண்டியபோது நிலையத்திலிருந்து ஓர் இளம் காவலர் அழைத்தார். இரவு செல்போன் கடை ஒன்றில் பூட்டை உடைத்திருக்கிறார்கள், உரிமையாளர் கேமராப் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுக்க நிற்கிறார், வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று கேட்டார். பெட்டி இன்னும் இயங்குகிறதா என்றேன், இயங்குகிறது என்றார். முதலில் திரையின் நேரமும் அவருடைய செல்போன் நேரமும் ஒன்றாக விழும்படி படம் எடுக்கவும், பிறகு பதிவை நிறுத்தவும், பெட்டியை அதன் அடாப்டரோடு, கடவுச்சொல்லையும் பொருத்திய நிறுவனத்தின் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு, காவல் துறையின் சாட்சியப் பதிவுச் செயலியான இ-சாக்ஷ்யாவில் பதிவு ஓடும்போதே சாட்சிகள் முன்னிலையில் முத்திரையிடவும் சொன்னேன். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் நான்கு முறை பேச வேண்டியிருந்தது. வாரங்கலில் படம் வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு நிமிட வித்தியாசம், அதை அவர் மகஜரிலும் எழுதியிருந்தார்.

அவருக்கு நான் சொன்னதில் ஆய்வகமோ மென்பொருளோ தேவைப்பட்டது எதுவுமில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ரோந்து செல்லும் காவலர்களுக்கும் ஊர்க்காவல் படையினருக்கும் அரை நாள் வகுப்பு எடுக்க அனுமதி கேட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஐயாவுக்கு இன்றிரவே விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். ஒரு பழைய பதிவுப் பெட்டி, வேண்டாத இரண்டு செல்போன்கள், ஓர் இயங்கும் லேப்டாப், நூறு காகித உறைகள் என்று தேவைப்படும் பொருள்களின் பட்டியலையும் அதனோடு இணைத்திருக்கிறேன்.